பம்ப் ரூமுக்குப் போகும் முன் ஹோஸைப் பாருங்கள்: என் 407-இல் நான் ஏமாந்த கதை

இரண்டடி ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப், நாலு காப்பர் வாஷர். எல்லாம் சேர்த்து 190 ரூபாய். என் வண்டிக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு பம்ப் ரூமில், அதாவது டீசல் எஞ்சினின் எரிபொருள் பம்பை ரிப்பேர் செய்யும் கடையில், 26,400 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். கடை பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பம்பைக் கழற்றக் கொடுங்கள்.

வண்டி 2001 மாடல் டாடா 407. நானே ஓனர், நானே டிரைவர். சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிக் குமுளி வழியாகக் கட்டப்பனை வரை போவேன், திரும்பும்போது கிடைத்த லோடு. சென்சார், கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இரண்டு ஃபில்டர் வழியாகத் தள்ளும். பெரிய பம்ப் அதை அழுத்தி, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு நாசிலுக்கும் பங்கு வைக்கும். அந்தப் பம்பைச் செய்யும் மைக்கோ கம்பெனி 2008-இலேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் பக்கம் மட்டும் இன்றைக்கும் அது மைக்கோ பம்ப்தான்.

போன ஆவணியில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கும். பத்து எண்ணுவதற்குள் இருமிவிட்டு அணைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் சைலன்சரில் துளிப் புகை வராது. ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பம்பை நாற்பது ஐம்பது தடவை அடித்தால் பிடிக்கும், பகல் முழுக்க ஒழுங்காக ஓடும். பேட்டரி பழசு, குளிர், டீசல் சரியில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். ஏர் எடுத்துவிட்டால், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால், இரண்டு நாள் நன்றாக இருக்கும், மறுபடி பழைய கதை.

அப்புறம் ஒரு ராத்திரி, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டிருந்த வண்டி மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வேகம் இறங்கியது. நின்றேவிட்டது. எஞ்சின் அணைந்தால் பிரேக்கை லேசாக்கும் வாக்குவம் கிடையாது. இரண்டு மிதியில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. கிளீனர் பையன் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் போட்டான். பின்னால் ஐயப்ப சீசன் கூட்டம் இல்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கிருந்த அதிர்ஷ்டம். விடிந்து போய்ச் சேர்ந்த தாருக்கு வியாபாரி விலையைக் குறைத்தார், அது தனி.

மறுநாளே பம்ப் ரூம். சிமெண்ட் தரை, கண்ணாடிக் கதவு, உள்ளே பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் டெஸ்ட் பெஞ்ச். நம்பும்படியாகத்தான் இருந்தது. நான் சொன்னதை முழுசாகக்கூடக் கேட்கவில்லை. "அண்ணே, பம்ப் போச்சுண்ணே. எலிமெண்ட் தேஞ்சிருக்கும். இருபது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றார். பம்புக்குள் டீசலை அழுத்தும் பாகம்தான் எலிமெண்ட். நானும் தலையாட்டினேன். வயசைச் சொன்னால் எந்த வண்டிக்காரனும் மடங்கிவிடுவான்.

அங்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எலிமெண்ட் தேய்ந்த பம்ப் பொதுவாக எஞ்சின் சூடான பிறகுதான் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். டீசல் சூட்டில் இளகி, தேய்ந்த இடைவெளியில் வழிந்துவிடும். என் வண்டி நேர்மாறு. டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் தொட்டவுடன் பிடிக்கும், ராத்திரி முழுக்க நின்றால்தான் மக்கர். ஸ்டார்ட் ஆகி அணைவதும், கைப்பம்பு அடித்தால் சரியாவதும் டீசல் வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். சேர்ந்த டீசலை அழுத்துகிற இடத்தில் கோளாறு இல்லை. இது எனக்கு அன்று தெரியாது. பம்ப் ரூம் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

நாலு நாள் கழித்து வண்டியைக் கொடுத்தார்கள். எலிமெண்ட் நாலு, டெலிவரி வால்வு நாலு, நாசில் நாலு, காலிபரேஷன், லேபர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா உங்களுக்குத்தான் கூட ஆகும்ணே" என்றார். பழைய சாமானைக் கேட்டேன், எடைக்குப் போட்டாச்சாம். பெஞ்சில் ஓட்டிய ரிப்போர்ட் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு, ஓட்டிப் பாருங்க, குதிரை மாதிரி போகும்." ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். நல்லவேளை, ரொக்கமாகக் கொடுக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் முழுசாக ஏர் எடுத்துக் கொடுத்திருந்ததால் இரண்டு நாள் பிரச்சினை இல்லை. ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் கரும்புகை. இதற்கு முன்னால் என் வண்டி அப்படிப் புகைத்ததே இல்லை. மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட் ஆனது, பத்து எண்ணுவதற்குள் இருமியது, அணைந்தது. போன் போட்டால், "புது எலிமெண்ட் செட் ஆக ஆயிரம் கிலோமீட்டர் ஆகும்ணே."

உத்தமபாளையம் பக்கம் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் லாரி செட்டில் இருந்தவர், இப்போது வீட்டு வாசலில் டிராக்டர் மட்டும் பார்க்கிறார். தெரிந்தவர் ஒருவர் கூட்டிப் போனார். பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"டேங்க் நெறைய இருந்தா தொந்தரவு கொறையுதா தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். டேங்க் நிரப்பிய மறுநாள் காலையில் நான் கைப்பம்பு அடித்ததே இல்லை. மலையில் நின்ற அன்றைக்கும் டேங்கில் கால்வாசிதான். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சேர்த்து யோசித்ததில்லை.

அடுத்து, எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி முழுசாகத் திரும்பிப் போகிறதா என்று பார்த்தார். அது பாதியில் நின்றாலும் டீசல் குறையுமாம். கம்பி முழுசாகவே திரும்பிப் போனது. டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டார். மூடியில் காற்று போகும் ஓட்டை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெறுமை உண்டாகி டீசல் வராது. அதுவும் இல்லை. பிறகு டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரமாக வைத்து, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஓடியது, ஒரு இருமல் இல்லை. நிறுத்திவிட்டு ராத்திரி அப்படியே விட்டோம். காலையில் பிடித்தது, அணையவில்லை.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு. வர்ற வழியில காத்து குடிக்குது" என்றார்.

எங்கே குடிக்கிறது என்று கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. மீன் தொட்டிக்குப் போடுவார்களே, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு சாண் வெட்டி ஃபீட் பம்புக்கு முன்னால் லைனில் சேர்த்தார். எஞ்சினை ஓடவிட்டதும் குழாய்க்குள் கடுகு கடுகாகக் குமிழி ஓடியது. நிறுத்தி, அதே துண்டை டேங்க் வாயில் சேர்த்தார். அங்கே ஒரு குமிழி இல்லை, டீசல் கண்ணாடி மாதிரி போனது. ஆக, ஓட்டை இரண்டுக்கும் நடுவில். (அந்தப் பிளாஸ்டிக் குழாய் டீசலில் ஊறிக் கெட்டுப் போகும். பார்க்க மட்டும்தான், அப்படியே விட்டு ஓட்டக்கூடாது.)

சேஸிஸ் ஓரமாக வரும் இரும்புக் குழாயையும் ஃபீட் பம்பையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் புதுசு மாதிரி. பெரியவர் அதை வளைத்தார், அடிப்பக்கம் நகக்கீறல் மாதிரி நாலைந்து வெடிப்பு வாய் திறந்தது. கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. அந்த ஹோஸைப் போட்டது யார்? நான்தான். சித்திரையில் வழியில் பழசு கிழிந்தபோது கைக்குக் கிடைத்ததை வாங்கிக் கம்பி சுற்றி ஓட்டினேன், அப்புறம் மறந்தே போனேன். இதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு டீசல் கூட சிந்தாததுதான் என்னை ஏமாற்றியது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கும்போது அந்த வழியாகக் காற்று புகுந்து, லைனில் நிற்கும் டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருப்பதை வைத்து எஞ்சின் பிடிக்கும், அது தீர்ந்ததும் பின்னால் வருவது காற்று. மலையில் முழு லோடில் ஃபீட் பம்ப் அதிகம் இழுக்க வேண்டியிருக்கும்போது குமிழியும் அதிகமாகும். டேங்கில் டீசல் குறையக் குறைய இழுக்க வேண்டிய உயரமும் கூடும். எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது.

ஹோஸ், கிளிப், வாஷர் மாற்றினோம். பெரியவர் 300 ரூபாய்தான் வாங்கினார். மறுநாள் காலையில் ஒரே செல்ஃப். கரும்புகை மட்டும் போகவில்லை.

அதற்காக வேறு ஊரில் இன்னொரு பம்ப் ரூமுக்குப் போனேன். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன். முதலில் நாசிலைக் கழற்றினார்கள். பாஷ் நாசிலின் மேல் எண் பொறித்திருக்கும். டிஎல்எல்ஏ என்ற எழுத்துகளுக்கு அடுத்து வருவது டீசல் தெளிக்கும் கோணம். என்னுடைய நாலில் இரண்டில் ஒரு எண், மற்ற இரண்டில் வேறு எண். இரண்டு வருடம் முன்பு நான் ஒரே செட்டாக நாலு நாசில் வாங்கிப் போட்டிருந்தேன். அந்த டப்பா ஒன்றில் என் மகள் ஸ்டிக்கர் பொட்டு போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்குப் போன் செய்து படிக்கச் சொன்னேன். அவள் படித்த எண் நாலில் ஒன்றில்கூட இல்லை. அதாவது நல்ல நிலையில் இருந்த என் நாசில்களை எடுத்துக்கொண்டு, வேறு எந்தெந்த எஞ்சினிலிருந்தோ கழன்றவற்றைத் துடைத்து மாட்டி, புதுசு என்று காசும் வாங்கியிருக்கிறார்கள்.

பம்பைத் திறந்தபோது டெலிவரி வால்வு ஹோல்டரின் மரையில் பழைய அழுக்கு பாறையாக இருந்தது. "இதைக் கழட்டி எத்தனையோ வருஷம் ஆச்சுண்ணே" என்றார் அந்தப் பையன். எலிமெண்ட் பழசேதான். பெஞ்சில் ஏற்றி நாலு லைனிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று அளந்தார்கள், சிறு வித்தியாசம், திருத்திக் கொடுத்தார்கள், அளவுகளைப் பிரிண்ட் எடுத்தும் தந்தார்கள். புது நாசிலோடு சேர்த்து 9,200 ரூபாய், பில்லோடு. பழைய நாலு நாசிலையும் கவரில் போட்டுக் கேட்காமலே கையில் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நான் இப்போது செய்வது: பம்பை எங்கே கொடுத்தாலும் அதன் தகட்டிலுள்ள நம்பரையும் நாசில் நம்பர்களையும் போட்டோ எடுத்துக்கொள்கிறேன், நட்டுகளின் மேல் வீட்டம்மாவின் நெயில் பாலிஷில் ஒரு கோடு போடுகிறேன். திறந்தால் கோடு உடையும், திறக்காவிட்டால் உடையாது. பழைய சாமான் கைக்கு வரும் வரை பணம் கிடையாது.

அந்த நாலு நாசிலோடும் பிரிண்டோடும் முதல் கடைக்குப் போனேன். முதலில் சத்தம் போட்டார், அப்புறம் பையன் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டான் என்றார், கடைசியில் 5,000 ரூபாய் தருகிறேன் என்றார். வாங்கவில்லை. "வாடகை வண்டிக்கெல்லாம் கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாதுண்ணே" என்று சிரித்தார். அதுவும் பொய்தான். தன் பிழைப்புக்குத் தானே உழைத்து ஓட்டுகிறவர் அதற்காக வாங்கும் பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று தள்ளுவதில்லை. சட்டம் அங்கே சொல்வது வாங்கும் பொருளை என்பதால்தான், போடாத சாமானுக்குக் காசு வாங்கியதையே முதன்மைப் புகாராக எழுதினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். பில் இல்லாவிட்டாலும் அந்த வாட்ஸ்அப் மெசேஜும் ஜிபே ரசீதும் கையில் இருக்கின்றன.

அன்றைக்கு அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது ஒரு பழைய சுமோ நின்றது. பானெட் திறந்திருந்தது, ஓட்டி வந்தவர் உள்ளே போவதற்காகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "காலையில ஸ்டார்ட் ஆயி ஆஃப் ஆயிடுதுங்க, பம்ப்பு போச்சுங்கிறாங்க" என்றார்.

"டேங்க் நெறைய இருந்தா தொந்தரவு கொறையுதாண்ணே?" என்று கேட்டேன்.

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.