அலர்ஜி டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுமுன் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள்

“200 உணவுகளுக்கும் மேல், ஒரே ரத்தப் பரிசோதனை, வீட்டுக்கே வந்து எடுக்கிறோம்” என்று உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது போட்டால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 9,000 ரூபாய் போனது. பணம்கூடப் பரவாயில்லை, பிள்ளை பட்ட பாடுதான் ஆறவில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. திடீர் திடீரென்று உடம்பில் தடிப்பு வரும், அரிக்கும், சில மணி நேரத்தில் தடமே இல்லாமல் மறையும். மறுநாள் வேறு இடத்தில் கிளம்பும். என் மாமியார் பார்த்தவுடன் காணாக்கடி என்று சொல்லி வெற்றிலையும் மிளகும் கொடுத்தார். பக்கத்துக் கிளினிக்கில் செட்ரிசின் என்கிற அலர்ஜி மருந்து எழுதினார்கள். குடித்தால் அடங்கும், விட்டால் திரும்பும். எதனால்தான் வருகிறது என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர்களை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

ரிப்போர்ட் வழவழ தாளில் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டியல். சிவப்பில் அரிசி, பால், தயிர், முட்டை, துவரம்பருப்பு, தக்காளி, வாழைப்பழம். அதாவது அவள் தினமும் சாப்பிடுவது எல்லாம். பச்சையில் அவகாடோ, சால்மன் மீன், பார்லி. அவள் கண்ணால்கூடப் பார்க்காதவை. “சோறு ஒத்துக்காத பிள்ளையா இத்தனை வருஷம் சோறு தின்னு வளர்ந்துச்சு?” என்றார் மாமியார். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி யாரும் கேட்டதிலேயே உருப்படியான மருத்துவக் கேள்வி அதுதான்.

லேபின் டயட்டீஷியன் போனில் பேசினார். “சார், சிவப்புல இருக்கிறது எல்லாத்தையும் ஆறு மாசம் நிறுத்திடுங்க. குடலைச் சரி பண்ண ஒரு பவுடர் இருக்கு, நாங்களே அனுப்பி வைக்கிறோம்.” பவுடருக்குத் தனிக் காசு. பால் இல்லை, பருப்பு இல்லை, முட்டை இல்லை என்றால் வளரும் பிள்ளை எதைத்தான் சாப்பிடும்? எடை குறைந்தது. பள்ளியில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பாள். தடிப்பு மட்டும் எப்போதும் போல வந்துகொண்டே இருந்தது.

பிறகு, அலர்ஜிக்கென்றே பார்க்கும் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார். பரிசோதித்தது ஐஜிஜி (IgG) என்கிற எதிர்ப்புப் புரதம். சாப்பிட்டவுடன் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று கிளம்பும் அலர்ஜிக்குக் காரணம் ஐஜிஇ (IgE) என்கிற வேறு எதிர்ப்புப் புரதம். பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. ஐஜிஜி நாம் வழக்கமாகச் சாப்பிடும் எந்த உணவுக்கும் உடம்பில் உண்டாவதுதான். அந்த உணவு உடம்புக்குப் பழகிவிட்டது என்பதற்கு மேல் அதில் பெரிய சேதி கிடையாது. அதனால்தான் தினசரி உணவெல்லாம் சிவப்பாகவும், சாப்பிடாததெல்லாம் பச்சையாகவும் வந்திருக்கிறது. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவ அமைப்பு 2008-லும், கனடா அமைப்பு 2012-லும் எழுத்தில் சொல்லியிருக்கின்றன. இங்கே இன்னமும் வண்ண அட்டையோடு விற்கிறார்கள். முடியை அனுப்பு, கையில் கருவியைப் பிடி என்று சொல்லும் ‘டெஸ்ட்’களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அந்த மருத்துவர் ஊசியை எடுக்கவே இல்லை, முதலில் கேள்விதான். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நேரத்தில் வந்தது, அதையே மறுபடி சாப்பிட்டபோதும் வந்ததா? உண்மையான உணவு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரும், அந்த உணவைச் சாப்பிடும்போதெல்லாம் வரும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வந்து வந்து போகும் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அரிது என்றார். சாதாரண ரத்தப் பரிசோதனைகள் இரண்டு மூன்று எழுதினார், செலவு சில நூறுதான். மாத்திரையைத் தடிப்பு வரும்போது மட்டும் கொடுக்காமல் தினமும் கொடுக்கச் சொன்னார். இப்போது அடங்கியிருக்கிறது, தயிர்ச் சோறும் திரும்பிவிட்டது.

அலர்ஜி டெஸ்ட்டே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தோலில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை நல்லது, 15–20 நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் செட்ரிசின் மாதிரி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தாவிட்டால் முடிவு தப்பாக வரும், எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது. அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி கையில் இருக்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஹேர் டை, கவரிங் நகை பட்டு அரிப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. அதற்கு முதுகில் 48 மணி நேரம் பட்டை ஒட்டிப் பார்க்கும் முறை தனி.

எதில் ‘பாசிட்டிவ்’ வந்தாலும் அதுவே அலர்ஜி என்று ஆகிவிடாது. சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். மொத்த ஐஜிஇ அளவு வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், நம் ஊரில் அது சாதாரணம். சந்தேகம் தீர, மருத்துவமனையில் கண்காணிப்பில் அந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம். சாப்பிட்டதும் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ எந்த டெஸ்ட்டுக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

லேபில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். “டெஸ்ட் சரியாத்தானே பண்ணியிருக்கோம் சார்” என்றார்கள். ஐஜிஜியைச் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள், அதை அலர்ஜி என்று சொல்லி விற்றதுதான் பிரச்சினை. அடுத்த பேக்கேஜுக்குப் பாதி விலைக் கூப்பன் தருவதாகவும் சொன்னார்கள்! 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ரிப்போர்ட், வாட்ஸ்அப் விளம்பரம் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.