கல்பாத்தியில் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத்தில் எங்கள் வீடு. போன வருஷம் இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், வீட்டுக் கூடம் ஒழுகியது. கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். பேர் சொல்லப் போவதில்லை, கேஸ் கீஸ் என்று அலையத் தெம்பில்லை. ஏணியில் ஏறி உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரால் கீறினார். பொலபொலவென்று மாவு கொட்டியது. "மொத்தமும் செதல் சார், நாளைக்குத் தலையில விழும்" என்றார். செதல் என்றால் கரையான். அம்மா பயந்துவிட்டாள். பழைய மரத்தைத் தன் லாரியிலேயே அள்ளிக்கொண்டு போவதாகவும் சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று காபி வேறு கொடுத்தேன்.

நாலு உத்தரம். ஒவ்வொன்றும் 14 அடி நீளம், 10 அங்குலத்துக்கு 8 அங்குலம். சுமார் 31 கன அடி தேக்கு. இந்தக் கணக்கை நான் போட்டது மரம் போன பிறகு.

கொல்லையில் ஒரு அடித் துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மா அதன்மேல் தவலையை வைத்திருந்தாள். கதவு சரிசெய்ய வந்த வயதான ஆசாரி அதை எடுத்துச் சீவிக் காட்டினார். மேலே அரை அங்குல வெள்ளையை, அதாவது வெளிமரத்தைத்தான் செதல் தின்றிருந்தது. உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் பொன் பழுப்பாக, தேக்கு வாசனையோடு இருந்தது. "மேலே கீறினா மாவு வரத்தான் செய்யும். ஆழமாக் குத்திப் பார்க்கணும். சுவருக்குள்ள இருந்த முனை நைஞ்சிருந்தா அதை மட்டும் அறுத்து ஒட்டுப் போட்டிருக்கலாமே" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அதோடு முடியவில்லை. பில்லில் தேக்கு என்று எழுதிப் போட்ட மரம், காயாத ஏதோ பச்சை மரம். கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்சியாக வீசும் அல்லவா, அதில் சுருங்கி இணைப்பெல்லாம் வாய் பிளந்தது. பழைய உத்தரமோ ஆணியே இல்லாமல் கழுந்தும் துளையுமாகக் கோத்து மரமுளை அடித்தது. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசியது இன்னொரு கூத்து. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். வீடுகளுக்கெல்லாம் பொதுச் சுவர், அதனால் "எங்காத்துச் சுவரும் ஓதம் அடிக்கறதே" என்று பக்கத்து வீட்டு மாமி தினமும் கேட்கிறாள்.

கல்பாத்தி பாரம்பரிய கிராமம் என்பதால் முகப்பில் கை வைத்தால் நாலு பேர் கேட்பார்கள். கூரைக்குள்ளிருந்து உத்தரம் போனால் ஒருவரும் கேட்பதில்லை. அதனால் கழற்றும் மரம் வீட்டுக்காரருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு உத்தரத்துக்கும் சாக்பீஸால் எண் போட்டு, அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். செதல் என்று சொல்பவரிடம் மரம் வாங்காதீர்கள், மரம் விற்பவரைச் செதல் பார்க்கக் கூப்பிடாதீர்கள்.

கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதில்லை. ஊஞ்சல் பலகை ரேழியில் சாய்ந்து கிடக்கிறது. புது உத்தரத்தில் மாட்டவே கூடாது என்று ஆசாரி சொல்லிவிட்டார். ஐப்பசித் தேருக்கு வருகிறவர்கள் கீழேதான் உட்கார வேண்டும்.