"போர்டு போயிருச்சு சார்" என்றால் கேமராவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்

வீட்டில் பழைய டிஜிட்டல் கேமரா இருக்கிறவர்கள், அதிலும் அதைப் பெரியவர்கள் யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றால், இதைப் பொறுமையாகப் படியுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைத் திரும்பவும் கேமராவுக்குள் ஏற்றித் தருவதாகச் சொல்லி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை ஒன்றில் அப்பாவிடம் 2,900 ரூபாய் கறந்துவிட்டார்கள். முறை தெரிந்தவருக்கு அது டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலை.

அப்பாவுக்கும் ஸ்மார்ட்போனுக்கும் ஒத்துவரவே இல்லை. 2008-ல் வாங்கிய கேனன் பவர்ஷாட்தான் அவருக்கு ஆல்பம். விருந்தாளி வந்தால் கேமரா வயரை டிவிக்குப் பின்னால் செருகி, ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் கதை சொல்வார். அக்கா கல்யாணப் படங்கள் எப்போதோ கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. தூத்துக்குடி அத்தை வரப்போகிறார் என்றதும் அதையெல்லாம் மறுபடி கேமராவில் போட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. வயரை மாட்டிப் பார்த்திருக்கிறார். படத்தை வெளியே எடுக்க முடிகிறது, உள்ளே போட முடியவில்லை. இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் பிடிபி என்ற முறையில்தான் கம்ப்யூட்டரோடு பேசும். விண்டோஸில் சாதாரணமாக இழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ளாது. நான் வெளியூரில் இருக்கிறேன். அவர் படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் கேட்டது 300 ரூபாய். சாயங்காலம் போனால், "சார், காப்பி பண்ணிட்டோம், ஆனா கேமரா காட்ட மாட்டேங்குது. போர்டு போயிருச்சு. மாத்தினா 1,800 ஆகும். கார்டும் ரொம்பப் பழசு, புதுசு போட்டுக்கோங்க, 800" என்றிருக்கிறார்கள். திரையில் "படம் இல்லை" என்ற செய்தியையும் காட்டியிருக்கிறார்கள். அப்பா நம்பிவிட்டார். யார்தான் நம்ப மாட்டார்கள்?

ரெண்டு நாள் கழித்துக் கேமரா வந்தது. படங்களும் வந்தன. அத்தை டிவி முன்னால் உட்கார்ந்து, "என்னண்ணே, புள்ளைக்குப் பட்டுச்சேலையில எல்லாம் கோடு கோடா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா எனக்குப் போன் போட்டு, புது போர்டில் கலர் சரியில்லை போல என்றார்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது கேமராவை வாங்கிப் பார்த்தேன். மாலை மாற்றும் படத்தில், அக்காவின் நெற்றிச்சுட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக வெள்ளை அம்புக்குறி. மவுஸ் பாயிண்டர்! இன்னொரு படத்தில் தாலி கட்டுகிற இடத்தில் குறுக்கே ஒரு டியூப் லைட் பிரதிபலிப்பு. அப்புறம்தான் விளங்கியது. பென் டிரைவில் இருந்த படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாகத் திறந்து வைத்து, மானிட்டரை எங்கள் கேமராவாலேயே படம் பிடித்திருக்கிறார்கள். அத்தை சொன்ன கோடுகளும் அதனால் வந்தவைதான். கேமரா தான் எடுத்த படத்தைக் காட்டாமலா போகும்? அந்தப் புத்திக்கு வேண்டுமானால் 300 ரூபாய் கொடுக்கலாம். முந்நூறுக்கு மேல் படங்கள் இருந்த பென் டிரைவிலிருந்து நாற்பதோடு அலுத்து நிறுத்திவிட்டார்கள், அது வேறு.

போர்டு மாற்றிய கதையும் பொய்தான். படத்தின் தகவல் பக்கத்தில் தேதி பார்த்தேன். கேமரா கடையில் கிடந்த நாள். கோப்பு எண்ணைப் பார்த்தேன். பவர்ஷாட்டில் எண் தொடர்ச்சியாக ஓடும்படி வைத்திருந்தால், வெற்றுக் கார்டைப் போட்டாலும் விட்ட இடத்திலிருந்தே எண்ணும், ஏனென்றால் அந்தக் கணக்கு கேமராவின் உள்நினைவில் இருக்கிறது. அப்பா கடைசியாக எடுத்த படத்துக்கு அடுத்த எண்ணிலிருந்து இந்த மானிட்டர் படங்கள் சுத்தமாகத் தொடர்கின்றன. வேறு போர்டு போட்டிருந்தால் இப்படித் தொடர வழியே இல்லை.

கார்டுக்கு வருவோம். மேலே 64 ஜிபி என்று அச்சடித்திருந்தது, எழுத்து லேசாகக் கோணல். அந்தக் காலத்துக் கேமராவுக்கு எஸ்டிஹெச்சி என்ற கார்டு வகை வரைதான் கணக்கு, அதாவது 32 ஜிபி. அதற்கு மேலே உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும், அது பழைய கேமராவுக்குப் புரியாது. இது மட்டும் எப்படி மறுபேச்சில்லாமல் வேலை செய்கிறது என்று ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் போட்டுச் சோதித்தேன். அசல் கொள்ளளவு 8 ஜிபிகூட இல்லை. இந்த மாதிரிப் போலிக் கார்டுகளின் கொடுமை என்னவென்றால், நிறைந்த பிறகும் எழுதுவதுபோலவே நடிக்கும். கோப்புப் பெயர் தெரியும், திறந்தால் உள்ளே ஒன்றுமிருக்காது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால்தான் தெரியும்.

சரி, முதல் நாள் ஏன் "படம் இல்லை" என்று வந்தது? பென் டிரைவில் படங்களின் பெயர்களைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. "அக்கா கல்யாணம் 1", "ரிசப்ஷன் காப்பி" என்று ஆளாளுக்கு வைத்த பெயர்கள். அப்படியே தூக்கி, அவர்களிடம் இருந்த வெற்றுக் கார்டு ஒன்றில் கொட்டியிருப்பார்கள். டிசிஎஃப் என்று ஒரு விதி இருக்கிறது. 1998-லிருந்து ஜப்பான் கேமராக்காரர்கள் எல்லோரும் பின்பற்றுவது. கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் 100-லிருந்து 999-க்குள் ஓர் எண்ணும் அதை ஒட்டி ஐந்து எழுத்துகளுமாக இருக்க வேண்டும். எங்கள் கேமராவில் 100கேனன். படத்தின் பெயர் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும்: ஐஎம்ஜி, ஓர் அண்டர்ஸ்கோர், பிறகு 0001 முதல் 9999 வரை. இதில் ஒன்று பிசகினாலும் கேமரா அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பழுது எதுவும் கிடையாது, அதன் குணம் அப்படி.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு கார்டு ரீடர், நம்பகமான இடத்தில் வாங்கிய 16 ஜிபி கார்டு. கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, சும்மா ஒரு படம் எடுத்தேன், சரியான ஃபோல்டரைக் கேமராவே உண்டாக்கிக்கொள்ளும் என்பதற்காக. பிறகு கார்டை ரீடரில் போட்டு, கல்யாணப் படங்களுக்கு வரிசையாகப் பெயர் மாற்றி அந்த ஃபோல்டருக்குள் ஒட்டினேன். அதே கேமராவில் எடுத்த அசல் படங்கள் எல்லாம் உடனே வந்துவிட்டன. ஸ்டுடியோக்காரர் திருத்திக் கொடுத்த சில படங்கள் மட்டும் முரண்டு பிடித்தன. புரோகிரெசிவ் ஜேபெக்காக, அதாவது திறக்கும்போது படம் முழுதும் மங்கலாக வந்து படிப்படியாகத் தெளிவாகும் வகையில், சேமித்திருந்தார். சாதாரண ஜேபெக்காக மாற்றிச் சேமித்ததும் பெரும்பாலானவை திறந்தன, ரெண்டு மூன்று கடைசிவரை திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், வெட்டி ஒட்டிய படங்களுக்கெல்லாம் இது கேமராவுக்குக் கேமரா மாறும். கையேட்டிலேயே, கம்ப்யூட்டரில் திருத்திய படங்கள் தெரியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் பழைய கார்டு விஷயத்தில்தான். "பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிட்டோம்" என்று அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஆச்சியின் கடைசி வருடத்துப் படங்கள் அதில்தான் இருந்தன, வேறு எங்கும் பிரதி இல்லை. வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படங்களும் உண்டு. நேரில் போய்க் கேட்டதற்கு, "குப்பையில போட்டாச்சு தம்பி" என்றார் கடைக்காரர். அழித்துவிட்டோம் என்றிருந்தால்கூட, ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளை ஓட்டி மீட்டிருக்கலாம். ஃபார்மேட் செய்தாலும் மேலே வேறு எதுவும் எழுதாதவரை படங்கள் உள்ளே கிடக்க வாய்ப்புண்டு. கார்டே இல்லையென்றால் எதை வைத்து மீட்பது?

பில் கேட்டபோது அப்பாவிடம் கொடுத்திருந்தது விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் பேனாவால் கிறுக்கிய "போர்டு 1800, மெமரி 800". அதைப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். மவுஸ் அம்பு தெரிகிற படத்தையும் மென்பொருள் காட்டிய முடிவையும் இணைத்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டு 1,800-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். போலிக் கார்டுக்கு "வேணா வேற கார்டு தர்றேன்" என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய கார்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

உங்கள் கேமராவை யாரிடம் கொடுப்பதாக இருந்தாலும், கடை வாசலிலேயே கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். சோதித்துப் பார்க்கக் கார்டு வேண்டும் என்றால் அவர்கள் கார்டைப் போட்டுக்கொள்ளட்டும். போர்டு மாற்றியதாகச் சொன்னால் கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ஊரில் இதே மாதிரி "போர்டு" கதை கேட்டுப் பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஆணையத்தில் சேர்ந்தே மனு கொடுக்கலாம்.