முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்: டென்ஸ் கருவியா, ஐஸ் ஒத்தடமா?

வலி மாத்திரையோடு துணைக்கு எதை வைத்துக்கொள்வது என்று யோசிப்பவர்களுக்கு:

வேலை செய்யும் விதம்
டென்ஸ் (TENS, தோல் வழியே நரம்பைத் தூண்டும் சிறு மின்கருவி): ஒட்டும் பட்டைகள் வழியே மெல்லிய மின்துடிப்பு தொடு உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது, வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது. மெல்சாக், வால் (Melzack, Wall) என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' (gate control theory) இதற்கு அடிப்படை. பலன் பெரும்பாலும் கருவி ஓடும்வரைதான்; ஆளுக்கு ஆள் மாறும்.
ஐஸ்: வலியை மரக்கச் செய்யும், வீக்கத்துக்கும் இதம்.

செலவு
டென்ஸ்: கருவி ஒருமுறை, பசை போன பட்டைகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
ஐஸ்: கிட்டத்தட்ட இல்லை.

வசதி
டென்ஸ்: மாட்டிக்கொண்டே நடக்கலாம், காலை மடக்கிப் பயிற்சி செய்யலாம். இதுதான் இதன் பெரிய பலம்.
ஐஸ்: 15–20 நிமிடம் காலை உயர்த்தி உட்கார வேண்டும்.

எச்சரிக்கை
தழும்பின் வெளிப்பக்கத் தோல் பலருக்கு மாதக்கணக்கில் மரத்தே இருக்கும். அங்கே ஐஸின் கடுங்குளிர் தோலைப் புண்ணாக்கினாலும் தெரியாது. துணி சுற்றியே வையுங்கள், கட்டும் நனையக் கூடாது. டென்ஸ் பட்டையையும் அந்த இடத்திலோ தையல் மேலோ ஒட்டாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் டென்ஸைத் தொடவே வேண்டாம்.

சரி, யாருக்கு எது? முதல் சில வாரங்கள், முட்டி வீங்கிச் சூடாக இருக்கும்போது ஐஸ். வீக்கம் வடிந்தும் பயிற்சியின்போது வலி தடுக்கிறது என்றால், பிசியோதெரபிஸ்ட்டிடம் கருவியை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு டென்ஸ் வாங்கலாம்.