தலையில் குட்டும் ரெகுலேட்டர்: ஆறு வருடம், 214 டைவ்

ஏழு வாரம் சர்வீஸில் கிடந்த என் ஸ்கூபா ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தருகிற கருவி) நேற்று கூரியரில் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் தம்பியிடமிருந்து மெசேஜ். போன மாதம்தான் ஓபன் வாட்டர் என்கிற முதல் ஸ்கூபா கோர்ஸ் முடித்தான். "அண்ணே, நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடவா?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். சர்வீஸ் பில்லையும் பார்த்துவிட்டேன், பதில் நீண்டுவிட்டது.

மாடல் பெயர் சொல்லப்போவதில்லை. என் புகார் கம்பெனி மேல் இல்லை, ஆறு வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த ஒரு முடிவின் மேல். பேலன்ஸ்டு டயாஃப்ரம், சீல் செய்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர் வால்வில் மாட்டுகிற பகுதி), டின் கனெக்‌ஷன். இந்த மூன்றாவதுதான் விஷயம். டின் (DIN) என்றால் ரெகுலேட்டரை வால்வுக்குள் திருகி மாட்டுவது, யோக் என்றால் வால்வைக் கவ்விப் பிடித்து இறுக்குவது.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூச்சு விட இதைவிடச் சுகமான ரெகுலேட்டரை நான் வாயில் வைத்ததில்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஜானிஸ் கார்ஜ் என்கிற டைவ் இடத்துக்குப் போயிருந்தபோது, 28 மீட்டரில் நீரோட்டத்துக்கு எதிரே காலை அடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆழத்தில் உள்ளே போகிற காற்று மேலே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அடர்த்தி. வாடகை ரெகுலேட்டரில் இதே நிலைமையில் ஸ்ட்ரா வைத்துப் பாயசம் உறிஞ்சுவது போல இருந்திருக்கிறது. இதில் கேட்ட அளவு காற்று கேட்ட நொடியில் வந்தது. சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தாலும் 50 பார் இருந்தாலும் ஒரே மாதிரி மூச்சு. பேலன்ஸ்டு என்பதற்கு அர்த்தமே அதுதான். தலைகீழாகப் பாறை இடுக்கைப் பார்த்தாலும் வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

சரி, இப்போது அந்த டின்னுக்கு வருகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தேன். எல்லோரும் டின் வாங்கு என்றார்கள். யோக்கில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) சிலிண்டர் வால்வில் இருக்கும். ஊரெல்லாம் மாட்டிக் கழற்றிய ஓ-ரிங். டின்னில் அது நம் ரெகுலேட்டரிலேயே இருக்கும், திருகி உள்ளே போனால் பிதுங்கி வெளியே வராது. யோக் 232 பார் வரைக்கும்தான், டின் 300 வரை தாங்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் புதுச்சேரியிலும் அந்தமானிலும் என் கைக்கு வந்ததெல்லாம் அலுமினியம் சிலிண்டர், யோக் வால்வு, 200 பார் நிரப்பினால் பெரிய விஷயம். 14.2 கிலோ காஸ் சிலிண்டர் மாதிரி எங்கே போனாலும் ஒரே வாய் என்று இந்த உலகத்தில் கிடையாது. ஆகவே டின் வாங்கியவன் யோக் அடாப்டரும் வாங்க வேண்டும். கைக்கு அடங்கும் ஓர் எஃகுக் கட்டி. இப்போது வால்வில் இருக்கிற ஊர் ஓ-ரிங்கும் உண்டு, என் ஓ-ரிங்கும் உண்டு. ஒன்று கசியலாம் என்று இருந்ததை இரண்டு கசியலாம் என்று காசு கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

அது கூடப் பரவாயில்லை. அடாப்டர் மாட்டியதும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வால்விலிருந்து தள்ளி நம் பிடரியை நோக்கி நீண்டுவிடும். தண்ணீருக்குள் படுத்த வாக்கில் நீந்தும்போது முன்னால் பார்க்கத் தலையை நிமிர்த்துவோம் அல்லவா, அப்போது ணங். மேலே ஏறும்போது படகு எங்கே என்று அண்ணாந்து பார்த்தால் இன்னொரு ணங். அஞ்சாம் வகுப்பு வாத்தியார் பின்னாலேயே நீந்தி வந்து குட்டுகிற மாதிரி. மேலே வருமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதற்குள் குறைந்தது நாலு குட்டு. பெல்ட்டைத் தளர்த்தி, சிலிண்டரைக் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தேன். பிடரி தப்பித்தது, சிலிண்டர் அடி தொடைப் பின்பக்கம் இடித்தது.

சில வால்வுகளில் நடுவே ஒரு செருகி இருக்கும், அலன் கீ போட்டுக் கழற்றினால் டின்னை நேராகத் திருகலாம். அதற்காகவே பையில் ஒரு அலன் கீ வைத்திருக்கிறேன். உப்பில் இறுகிப்போன செருகியோடு நான் படகில் மல்லுக்கட்டுவதைப் பார்த்த பையன் ஒருவன், "சார், நம்ம செட்டு ஒண்ணு எடுத்துக்கோங்களேன்" என்றான். அன்றைக்கு மானம் போயிற்று.

சர்வீஸ் கதையும் அடாப்டரில்தான் வந்து நிற்கிறது. ஜனவரியில் படகில் காற்றைத் திறந்ததும் செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கிற பகுதி) சும்மா இருக்காமல் புஸ் புஸ் என்றது. பட்டனைத் தட்டினால் நிற்கும், ஒரு நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்த மெக்கானிக் போன் செய்தார். இன்டர்மீடியட் பிரஷர், அதாவது இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே இருக்கிற அழுத்தம், 9.6 பாரில் நிற்க வேண்டியது மெல்ல ஏறிக்கொண்டே போகிறதாம், ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் காற்றை அடைக்கிற சீட் தேய்ந்துவிட்டதாம். அப்புறம் ஒரு போட்டோ அனுப்பினார். காற்று நுழையும் இடத்தில் இருக்கும் ஃபில்டர் பச்சை பிடித்திருந்தது, பூஜை அறைப் பித்தளைச் சொம்பு மாதிரி. "உள்ள உப்புத்தண்ணி போயிருக்கு சார். மூடி போடாம கழுவுவீங்களா?"

மூடியா? டின் மூடி அடாப்டர் மாட்டியிருந்தால் உட்காராது. நான் வாங்கிய அடாப்டருக்குத் தனி மூடி வரவில்லை. டைவ் முடிந்த களைப்பில் அடாப்டரைக் கழற்றாமல், ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு பொது டிரம்மில் முக்கி எடுப்பேன். அத்தனை பேர் சாமானும் முங்கிய டிரம், அதில் நல்ல தண்ணீர் எவ்வளவு இருக்கும்? தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். 100 டைவுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டியதை 140 வரை இழுத்ததும் நான்தான். ஆனால் யோக்காக இருந்திருந்தால் மூடி பக்கத்திலேயே தொங்கியிருக்கும். உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம், வேலை ஒரு நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சீல் வைத்திருப்பது 10 டிகிரிக்குக் கீழான குளிர்நீரில் உறையாமல் இருக்க. அதற்குக் கூடுதல் பணம் கொடுத்தேன். நான் முங்குகிற கடல் 28 டிகிரி. மழைக்குப் பிறகு கலங்கிய தண்ணீரில் சேறு உள்ளே போகாமல் காத்தது என்று வேண்டுமானால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

தம்பி, உனக்குப் பதில்: இதை வாங்காதே. யோக் வாங்கு, பேலன்ஸ்டாகப் பார், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் யார், அவரிடம் சீட்டும் ஓ-ரிங்கும் கையிருப்பில் உண்டா என்று முதலில் கேள். பத்துக்கு எத்தனை என்றால், இன்றைய மனநிலையில் நான் நாலுதான் போடுவேன்.

போனை வைப்பதற்கு முன் மெக்கானிக் கேட்டார்: "யோக் கிட் இருக்கு சார், டின்னைக் கழட்டிட்டு மாட்டிடவா? பத்து நிமிஷ வேலை."

வேண்டாம் என்றுவிட்டேன். என்றைக்காவது ஐரோப்பா போனால் அங்கே டின்தானே. என் பாஸ்போர்ட் போன வருடமே காலாவதி. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் டைவ் இருக்கிறது, அடாப்டரைப் பையில் வைத்தாயிற்று. மூடிக்குப் பழைய டென்னிஸ் பந்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.