பழைய லேப்டாப்பில் முழுக் கட்டற்ற லினக்ஸ்: டிரிஸ்குவெல், பாராபோலா, கீக்ஸ் – பழுது வந்தால் எது கைகொடுக்கும்?

டிரிஸ்குவெல், பாராபோலா, கீக்ஸ் மூன்றும் மூடிய மென்பொருள் எதையும் சேர்க்காத லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸின் வெவ்வேறு தொகுப்பு வடிவங்கள். டிரிஸ்குவெலில் வைஃபை வரவில்லை, பாராபோலா போட்டுப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டிலும் ஓடுவது ஒரே லினக்ஸ்-லிப்ரே, அதாவது மூடிய பகுதிகள் நீக்கப்பட்ட லினக்ஸ் கெர்னல் (மையக்கரு). மூடிய ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும், மூல நிரல் வெளியிடப்படாத சிறு மென்பொருள்) இல்லாமல் கண் திறக்காத கார்டை டிரிஸ்குவெலும் எழுப்பாது, பாராபோலாவும் எழுப்பாது, கீக்ஸும் எழுப்பாது. டிஸ்ட்ரோ மாற்றி மாற்றி நிறுவினால் ஒரு வார இறுதி வீணாகும், அவ்வளவுதான்.

ஆகவே ஒப்பீட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வன்பொருள் பிரச்சினைக்கு என்னென்ன வழிகள் என்பது ஒன்று. மென்பொருள் உடையும்போது எந்த டிஸ்ட்ரோவைச் சரிசெய்வது எளிது என்பது இன்னொன்று. எடுத்துக்காட்டாக 2008-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200-ஐ வைத்துக்கொள்வோம்: கோர் 2 டுவோ, இன்டெல் ஜிஎம்45 சிப்செட், 8 ஜிபி வரை டிடிஆர்3 ரேம். கட்டற்ற லினக்ஸ் ஆட்கள் இன்றும் தேடி வாங்கும் மாடல் இது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

டெர்மினலில் டிமெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுத்து கெர்னல் பதிவைப் படியுங்கள். ‘மிஸ்ஸிங் ஃப்ரீ ஃபர்ம்வேர்’ என்று ஒரு வரி, கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டிப்ளாப்டு’ என்ற சொல் – இது இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்தலாம். அந்த வன்பொருளுக்குக் கட்டற்ற ஃபர்ம்வேர் இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் பயன் கிடையாது. எக்ஸ்200-உடன் வந்த இன்டெல் 5100, 5300 கார்டுகள் இந்த வகை.

அந்த வரி இல்லையென்றால் பிரச்சினை வேறு இடத்தில். ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்று காட்டினால் லேப்டாப்பின் விளிம்பில் இருக்கும் வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறது. பழைய திங்க்பேடுகளில் பைக்குள் வைத்து எடுக்கும்போது அது தானாகத் தள்ளப்பட்டுவிடும்.

வைஃபைக்கு மூன்று வழி

உள்ளிருக்கும் கார்டை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏத்தராஸ் கார்டுகளுக்கு வெளியிலிருந்து ஏற்றும் ஃபர்ம்வேரே தேவையில்லை. மலிவாகக் கிடைப்பது ஏஆர்9285, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், ஒரே ஸ்ட்ரீம். ஏஆர்9280 இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும், இரண்டு ஸ்ட்ரீம். ஏஆர்9462-உம் அப்படியே, ஆனால் அதே கார்டில் உள்ள புளூடூத் பகுதி மூடிய ஃபர்ம்வேர் கேட்கும். வைஃபை மட்டுமே கிடைக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். ‘ஏத்தராஸ்’ என்ற பெயரை மட்டும் பார்த்து ஏத்10கே டிரைவருக்கான புதிய கார்டை வாங்கிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அவற்றுக்கும் ஃபர்ம்வேர் வேண்டும்.

கழற்றும்போது பேட்டரியை முதலில் எடுங்கள். ஆன்டெனா கம்பிகளை நெம்பாமல், நகத்தால் நேர்மேலாகத் தூக்குங்கள். புதிய கார்டில் இரண்டு முனைதான், லேப்டாப்பில் மூன்று கம்பி இருக்கிறது என்றால் மூன்றாவதின் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக விடுங்கள். அரை அளவு கார்டை முழு அளவு ஸ்லாட்டில் மாட்ட ஒரு சின்ன உலோக நீட்டிப்பு தேவைப்படும். அது இல்லாவிட்டால் கார்டு மேலெழும்பித் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

மாட்டிவிட்டுப் பவர் போட்டால் ‘1802’ என்ற பிழையோடு திங்க்பேட் நின்றுவிடலாம். ஹெச்பி லேப்டாப்களில் இதே தடை ‘104’ என்ற எண்ணோடு வரும். கார்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டுமே பயாஸ் அனுமதிக்கிறது. இதிலிருந்து தப்ப, பயாஸையே மாற்றுவது ஒரு வழி. பயாஸுக்குப் பதிலாகப் போடும் கட்டற்ற மென்பொருளான லிப்ரேபூட் 2022 நவம்பரில் தன் கொள்கையைத் தளர்த்தி, சில மூடிய கோப்புகளையும் ஏற்கத் தொடங்கியது. பழைய கண்டிப்பான வழியில் இருப்பவை குனூ பூட், கனோபூட். எக்ஸ்200-இல் இவற்றைப் பயாஸ் சிப்பில் முதல் முறை எழுத, சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பை வெளியிலிருந்து மாட்டித்தான் ஆக வேண்டும். 4 எம்பி சிப் என்றால் 8 கால், 8 எம்பி சிப் என்றால் 16 கால் கிளிப். சிப்புக்கு 3.3 வோல்ட்தான் தர வேண்டும். சிப்பில் எழுதும் கருவிகளில் மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமர் தரவுக் கால்களில் 5 வோல்ட் விடும். திருத்தாமல் பயன்படுத்தினால் சிப்பைப் பலிகொடுக்க நேரலாம். பழைய எக்ஸ்60, டி60-இல் கிளிப்பே வேண்டாம், லினக்ஸுக்குள்ளிருந்தே எழுதலாம்.

கிளிப், சாலிடர் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு யூஎஸ்பி அடாப்டர். ஏஆர்9271 சிப் உள்ளதாக இருக்க வேண்டும். இதற்கு ஃபர்ம்வேர் தேவைதான், ஆனால் அதன் மூல நிரல் 2013-இல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. எல்லா முழுக் கட்டற்ற டிஸ்ட்ரோக்களிலும் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஆனால் நம்பகமானது. வாங்கும்போது கண் வைக்க வேண்டியது பதிப்பு எண். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டரில் பதிப்பு 1-இல்தான் இந்தச் சிப். பதிப்பு 2, 3 இரண்டிலும் ரியல்டெக் சிப், அதற்கு மூடிய ஃபர்ம்வேர் வேண்டும். பெட்டியின் படம் ஒன்றே போலிருக்கும். அடாப்டரின் பின்பக்க ஸ்டிக்கரின் படத்தை விற்பவரிடம் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மூன்றாவது வழி ஆண்ட்ராய்டு போனின் யூஎஸ்பி டெதரிங். கேபிளைச் செருகி டெதரிங்கை இயக்கினால் கம்பி வழி நெட்வொர்க் போலவே லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஃபர்ம்வேர் கேள்வியே எழாது. நிறுவும் நாளுக்கும், கார்டு தபாலில் வந்து சேரும் வரைக்கும் இது போதும்.

திரை

இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள பழைய லேப்டாப்பில் கவலையே இல்லை. ஏஎம்டியின் ரேடியான் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் சிக்கல்: ஃபர்ம்வேர் இல்லாமல் டிரைவர் நின்றுபோய் கறுப்புத் திரை வரும். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் கெர்னல் வரியில் ‘நோமோட்செட்’ (nomodeset) சேர்த்தால் படம் வரும், ஆனால் வரைகலை வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், வீடியோ திணறும். திங்க்பேட் டி400 போல இரண்டு கிராஃபிக்ஸ் உள்ளவற்றில் பயாஸுக்குள் போய் ‘இன்டக்ரேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள், முடிந்தது. ரேடியான் மட்டுமே உள்ள லேப்டாப்பை இந்த வேலைக்காகக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தக் காலத்து என்விடியா சிப்கள் நூவோ டிரைவரில் ஃபர்ம்வேர் இல்லாமலே ஓடும், வேகம் மட்டும் குறைவு.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி: கடிகாரம்

பதினைந்து வயது லேப்டாப்பில் சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி) செத்திருக்கும். பவர் எடுத்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதன் பிறகு வரும் பிழைகள் எதுவும் ‘தேதி தவறு’ என்று நேராகச் சொல்லாது. டிரிஸ்குவெலில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏபிடி, களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லும். பாராபோலாவில் அதே வேலையைச் செய்யும் பேக்மேன், கையொப்பச் சாவி எதிர்காலத்தில் உருவானது என்று மறுக்கும். கீக்ஸ், சான்றிதழ் செல்லாது என்று சொல்லித் தயார்நிலைத் தொகுப்புகளை (சர்வரில் முன்பே கட்டி வைத்தவை) இறக்க மறுக்கும். மூன்று டிஸ்ட்ரோ, மூன்று விதமான மிரட்டல், காரணம் ஒன்றே. டேட் கட்டளையால் நேரத்தைச் சரிசெய்து, எச்டபிள்யூகிளாக் (hwclock) மூலம் வன்பொருளில் எழுதுங்கள். பிறகு பேட்டரியை மாற்றுங்கள். எக்ஸ்200-இல் இருப்பது இரண்டு கம்பியும் சின்ன செருகியும் சேர்ந்த சிஆர்2032. வெறும் பட்டன் பேட்டரியை வாங்கி வந்தால் மாட்ட முடியாது.

இப்போது டிஸ்ட்ரோக்கள்

டிரிஸ்குவெல் ஸ்பெயினின் கலீசியாவில், வீகோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 2023-இல் வந்த பதிப்பு 11, உபுண்டு 22.04-ஐ அடியாகக் கொண்டது. இதன் பெரிய பலம், உடைந்தால் சரிசெய்யும் வழி உலகமே அறிந்தது. உபுண்டுவுக்கு எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். புதுப்பித்தல் நடுவில் பவர் போய்விட்டால் ஏபிடி-யின் அடியில் இயங்கும் டிபிகேஜி-யை (dpkg) நிலுவை அமைப்பை முடிக்கச் சொல்லி, ஏபிடி-யில் உடைந்ததைச் சரிசெய்யச் சொன்னால் போதும். இதில் பயனர்கள் தாங்களே வரவழைக்கும் பழுது ஒன்று உண்டு: உபுண்டுவுக்காகத் தனிநபர்கள் நடத்தும் பிபிஏ களஞ்சியங்களைச் சேர்ப்பது. ஒரு தொகுப்பு நம்பியிருக்கும் மற்றத் தொகுப்புகள் மோதும், கட்டற்றதல்லாத தொகுப்புகளும் சத்தமில்லாமல் உள்ளே வரும். ரேம் 2 ஜிபி என்றால் மாட்டே திரைச்சூழல் உள்ள இயல்புப் பதிப்பை விட்டுவிட்டு எல்எக்ஸ்டிஇ உள்ள டிரிஸ்குவெல் மினியை எடுங்கள். 32 பிட் மட்டும் தெரிந்த பிராசஸருக்கு இது உதவாது. அந்த ஆதரவு பதிப்பு 9-உடன் போய்விட்டது.

அங்கேதான் பாராபோலாவின் இடம். இதன் அடியான ஆர்ச் லினக்ஸ் 2017-இல் 32 பிட்டைக் கைவிட்ட பிறகும் பாராபோலா விடவில்லை. கோர் டுவோ போட்ட எக்ஸ்60-க்கு இதுதான் என் பரிந்துரை. ஆனால் இது பராமரிப்பு கேட்கும் குழந்தை. நான்கு மாதம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால் முதல் புதுப்பித்தலே கையொப்பப் பிழையில் நிற்கும். ஆர்ச், பாராபோலா இரண்டின் சாவிக்கொத்துத் தொகுப்புகளை முதலில் புதுப்பித்து, இடையில் வேறெதையும் நிறுவாமல் உடனே முழுப் புதுப்பித்தலை ஓட்டுங்கள். ஒரே ஒரு தொகுப்பை மட்டும் புதிதாக்கும் ஆசை வேண்டாம். நூலகப் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். பூட் ஆகவில்லையென்றால் லைவ் பென்டிரைவில் ஏறி, வட்டை மவுண்ட் செய்து, சிரூட் (chroot) கட்டளை வழியாக நிறுவிய லினக்ஸுக்குள்ளே போய், பேக்மேன் சேமிப்பில் கிடக்கும் பழைய தொகுப்பைத் திரும்ப நிறுவலாம். அந்தச் சேமிப்பை முழுவதும் அழித்துவிடாதீர்கள். கடைசி இரண்டு பதிப்பாவது இருக்கட்டும். இன்னொன்று: பேக்மேன் அமைப்புக் கோப்பில் லிப்ரே களஞ்சியம், கோர் களஞ்சியத்துக்கு மேலே இருக்க வேண்டும். வரிசை மாறினால் கட்டற்றதாக்கப்பட்ட தொகுப்புக்குப் பதில் ஆர்ச்சின் தொகுப்பு வந்து உட்காரக்கூடும்.

மீட்பது என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் கீக்ஸ்தான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறையாகச் சேமிக்கப்படுகிறது. புதியது பூட் ஆகவில்லையா, கிரப் மெனுவில் முந்தைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி அப்படியே திரும்ப வரும். லைவ் பென்டிரைவ், சிரூட் எதுவும் வேண்டாம். இதற்கு விலை நேரமும் இடமும். புதுப்பிப்புகளை இறக்கும் கீக்ஸ் புல் (guix pull) கட்டளை கோர் 2 டுவோவில் மெல்லத்தான் நகரும். ரேம் 2 ஜிபி என்றால் நடுவில் நினைவகம் தீர்ந்து செத்துப்போகும். ரேமுக்குத் துணையாக வட்டில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தயார்நிலைத் தொகுப்பு சர்வரில் இல்லையென்றால் உங்கள் லேப்டாப்பே மூல நிரலிலிருந்து கட்டத் தொடங்கும், இரவு முழுவதும் மின்விசிறி அலறும். பெரிய தொகுப்புகளுக்கு முன் கீக்ஸ் வெதர் (guix weather) கொடுத்து, சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட் பகிர்வு 40 ஜிபிக்குக் குறைய வேண்டாம். பழைய தலைமுறைகளை அழித்து, கீக்ஸ் ஜிசி (guix gc) ஓட்டினால்தான் இடம் திரும்பும். எஸ்எஸ்டி இல்லாத லேப்டாப்பில் கீக்ஸை நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு முழுக் கட்டற்ற டிஸ்ட்ரோவான பியூர்ஓஎஸ், க்னோம் என்ற திரைச்சூழலோடு வருகிறது. பழைய கணினிக்குக் கனம்.

உபுண்டுவுக்கே அடியான டெபியனைப் பற்றியும் கேட்பார்கள். 2022-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே மூடிய ஃபர்ம்வேர் இருக்கிறது. நிறுவும்போது பூட் வரியில் ‘ஃபர்ம்வேர்=நெவர்’ சேர்த்து, களஞ்சியத்தில் கட்டற்ற தொகுப்புகள் மட்டும் உள்ள மெயின் பகுதியை மட்டும் வைத்தால் கட்டற்ற நிலைக்கு மிக அருகில் நிறுத்தலாம். லிப்ரே கெர்னல் மறைக்கும் ஃபர்ம்வேர் கோப்பின் பெயரை டெபியன் கெர்னல் பதிவில் காட்டும். எந்தச் சிப் தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க டெபியன் லைவ் பென்டிரைவ் ஒன்று கையில் இருப்பது நல்லது. 32 பிட் நிறுவி டெபியன் 13-இல் கிடையாது.

நிறுவும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஓர் இழப்பும் உண்டு. பிராசஸரின் மைக்ரோகோடு (அதன் உள் இயக்கக் குறிமுறை) புதுப்பிப்பையும் லிப்ரே கெர்னல் ஏற்றாது. 2018-இல் வெளிவந்த, பிராசஸரில் உள்ள ஸ்பெக்டர் வகைப் பாதுகாப்பு ஓட்டைகளில் சிலவற்றை மென்பொருளால் கெர்னலே அடைக்கிறது, சிலவற்றுக்கு மைக்ரோகோடும் வேண்டும். தயாரிப்பாளரின் பயாஸையே வைத்துக்கொள்வதென்றால், லினக்ஸ் போடும் முன் அதன் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பியுங்கள். அதற்குள் இருக்கும் மைக்ரோகோடு பவர் போடும்போதே ஏறிவிடும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்தும் நீட்சி ஒன்றையும் போடுங்கள். இத்தகைய தாக்குதல் வீட்டுக் கணினிக்குள் வரக்கூடிய முக்கிய வாசல் அதுதான்.