மடக்குப் பல்லாங்குழி: மூன்றரை நட்சத்திரம்

சன்னதித் தெருக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கிய மரப் பல்லாங்குழி. வாங்கி நாலு மாதம் ஆகிறது. பாட்டி ஞாபகமாகச் சுவரில் மாட்டப் பார்க்கிறவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது. நான் வாங்கியது என் பையனின் விரலுக்காக.

ஐந்து வயது, யுகேஜி. சட்டைப் பட்டன் போட வராது. பென்சிலைக் கரண்டி மாதிரி முழுக் கையால் பிடிப்பான், இரண்டு வரிக்குள் "கை வலிக்குதும்மா". வாரம் இரண்டு நாள் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்குக் கை, விரலைப் பழக்கும் பயிற்சி) போகிறோம், 45 நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் என்னோடுதானே! வீட்டில் என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, "எழுதச் சொல்லி உட்கார வைக்காதீங்கம்மா. பல்லாங்குழி இருக்கா?" என்றார் தெரபிஸ்ட்.

சிரித்துவிட்டேன். அவர் செய்து காட்டியதும்தான் புரிந்தது. ஐந்து புளியங்கொட்டையை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் ஒன்றை மட்டும் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும். மற்ற நாலும் சிந்தக் கூடாது. பட்டனைத் துளையில் நுழைக்கவும் பென்சிலை விரலுக்குள் திருப்பவும் இதே சாமர்த்தியம்தான் வேண்டுமாம். முதல் நாள் ஐந்தையும் ஒரே குழியில் கொட்டினான். இரண்டாகக் குறைத்துத் தொடங்கினோம். இப்போது மூன்று நிற்கிறது, நாலாவது சோபாவுக்கு அடியில் ஓடும்.

இன்னொன்று. இடப் பக்கக் குழிகள் வந்ததும் சட்டென்று கை மாற்றிவிடுவான், வலக்கை உடம்பின் நடுவைத் தாண்டாது. இடக்கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிடச் சொன்னார் தெரபிஸ்ட் மேடம். வேறு வழியில்லாமல் வலக்கை தாண்டுகிறது.

இனி குறைகள். கீல் படுமோசம். மடக்கும்போது அவன் விரல் மாட்டிக்கொண்டது, இரண்டு நாள் பலகைப் பக்கமே வரவில்லை. கூடவே தந்த சோழியும் வீண். அதன் பல் பல்லான அடிப்பக்கம் பட்டாலே கையை உதறுகிறான் (சாதத்தில் தயிர் பட்டாலும் அப்படித்தான்). அதனால் புளியங்கொட்டைதான். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். குழிகள் 14-ம் நல்ல ஆழம், வழவழப்பு, சிராய் இல்லை.

கீலை மாற்றித் தரச் சொன்னால், "விளையாட்டுச் சாமான்தானேக்கா" என்கிறார் கடைக்காரர். மடக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.